நெற்றியில் பட்ட கை

முதல் சொட்டு சுரீரென்று எரிந்தது. ஞானசுந்தரி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். கன்னத்தில் வழிந்ததைப் பஞ்சால் ஒற்றிய நர்ஸ் சுமலதா, "எரிச்சல் அவ்வளவுதானுங்கம்மா. அடுத்த சொட்டு தண்ணி மாதிரிதான் இருக்கும்" என்றாள்.

அப்படியேதான் இருந்தது. அதற்கடுத்த சொட்டு விழுந்ததே தெரியவில்லை. பல் பிடுங்கப் போனபோது கடைவாய் தடித்துக் கனத்ததே, அதைப் போல இருக்கும் என்று நினைத்திருந்தாள். இது வேறு மாதிரி. இமை மூடித் திறப்பது தெரிந்தது. அடியில் கண் என்று ஒன்று இருப்பதுதான் தெரியவில்லை.

"ஊசி போட மாட்டீங்களா?"

"ஊசி இல்லைங்கம்மா. உங்களுக்குச் சொட்டு மருந்தே போதும்னு எட்மண்ட் சார் சொல்லிட்டாரு. கண்ணு மட்டும்தான் மரத்துக்கும். நீங்க முழிச்சிட்டுத்தான் இருப்பீங்க. ஆனா பேசக் கூடாது, தலைய அசைக்கவே கூடாது. இருமல் வர்ற மாதிரி இருந்தா முன்னாடியே விரலைத் தூக்கிக் காட்டுங்க, நான் பக்கத்துலயேதான் நிப்பேன்."

ஞானசுந்தரி சரி என்று தலையசைக்கப் போய், பாதியில் நிறுத்திக்கொண்டு சிரித்தாள்.

அவளுக்கு இருந்தது ஒற்றைக் கண். சிறுமியாக இருந்தபோது கொய்யாக் கிளையொன்று விசிறியடித்து இடது கண்ணைக் கெடுத்துவிட்டது. அதன் பிறகு எல்லாம் வலது கண்ணால்தான். பள்ளிக்கூடம் போனது, கல்யாணம் முடித்தது, மகள் எல்சாவை வளர்த்தது, குன்னூரிலும் வெலிங்டனிலும் நடக்கிற கல்யாணங்களுக்கு கேக் செய்து கொடுத்தது எல்லாமே. அவள் போடும் ஐசிங் ரோஜாவைப் பறிக்கப் போன குழந்தைகள் உண்டு. அந்தக் கண்ணில் புரை விழ ஆரம்பித்ததும் முதலில் தெருவிளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தது. பிறகு வெள்ளை க்ரீமுக்கும் சந்தன நிற க்ரீமுக்கும் வித்தியாசம் தெரியாமல் போயிற்று. ஒரு கல்யாணத்தில் மணப்பெண்ணின் பெயர் கோணலாக விழுந்திருப்பதை கேக் வெட்டும்போதுதான் யாரோ சொன்னார்கள். அதோடு ஆர்டர் எடுப்பதை நிறுத்திவிட்டாள்.

கோயமுத்தூரில் கல்லூரி விரிவுரையாளராக இருந்த எல்சா, அங்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன் என்று இரண்டு வருஷமாகக் கெஞ்சினாள். "இருக்கறது ஒண்ணு. அதையும் கொண்டுபோய் யார்கிட்டயோ குடுத்துட்டு உக்காரச் சொல்றியா?" என்று ஞானசுந்தரி மறுத்துவந்தாள்.

எட்மண்ட் குன்னூருக்கே கண் டாக்டராக வந்து சேர்ந்த பிறகுதான் அவள் மனம் இளகியது.

எட்மண்ட் ரத்த உறவு இல்லை. அவன் அம்மா ஹன்னா, சபைப் பாடகர் குழுவில் ஞானசுந்தரிக்குத் தோழியானவள், மஞ்சூரில் டீச்சர்; ஞாயிறுதோறும் குன்னூர் சபைக்கு வருவாள். கணவன் தவறிப்போன பிறகு மகனை மேல்வகுப்புக்கு எங்கே விடுவது என்று அவள் தவித்தபோது, ஞானசுந்தரிதான் "எல்சாவோட இன்னொண்ணா வளரட்டும்" என்று தன் வீட்டில் வைத்துக்கொண்டாள். மெடிக்கல் சீட் கிடைக்கும் வரை அங்கேதான் இருந்தான். குளிரில் உட்கார்ந்து படிக்கிற பையனுக்கு அடுப்பு மூட்டிக் கால்மாட்டில் வைத்தவள் அவள். அவனுக்கு அவள் பெரியம்மா. அவளுக்கு அவன் எப்போதும் 'டா'தான்.

அவள் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து, டீயில் வர்க்கியைத் தோய்த்துக்கொண்டே அவன் ஆபரேஷனை விளக்கினான். "கண்ணுக்குள்ள லென்ஸ் ஒரு பைக்குள்ள இருக்குது பெரியம்மா. வெங்காயச் சருகை விட மெல்லிசான பை. அது கிழியாம உள்ள இருக்கற புரையை மட்டும் உடைச்சு உறிஞ்சி எடுத்துட்டு, அதே பைக்குள்ள புது லென்ஸ வெச்சிருவேன். பை கிழியாம இருக்கறதுலதான் எல்லாமே இருக்குது."

"உங்க ஆஸ்பத்திரில படிக்கிற புள்ளைங்களும் ஆபரேஷன் பண்ணுதுங்கன்னு சொன்னாங்களே."

"அது மத்தவங்களுக்கு. உங்க கண்ண வேற யாரும் தொட மாட்டாங்க. நானே பண்றேன். பைபிளக் கொண்டாங்க, கைய வெச்சுச் சொல்றேன்."

"போடா, உன் வார்த்தைக்குப் பைபிள் எதுக்கு?" என்று அவள் அவன் தலையில் தட்டினாள். அன்றைக்கே எல்சாவுக்கு ஃபோன் போட்டு, கோயமுத்தூர் வேண்டாம் என்று முடித்துவிட்டாள். எல்சா, "சரிம்மா. எட்மண்ட் பண்றான்னா சரி" என்றாள்.

ஆபரேஷன் அறையில் மேஜை சில்லென்றிருந்தது. முகத்தின் மேல் பச்சைத் துணி விரிந்தது. அதில் கண்ணுக்கு மட்டும் ஓட்டை. இமையை ஒரு கம்பி விரித்துப் பிடித்தது. தலைமாட்டில் டாக்டர் உட்காரும் சக்கரம் வைத்த நாற்காலி உருண்டு வந்து நின்றது. துணிக்கு மேலாக நெற்றியில் ஒரு கை வந்து படிந்தது. கனமான, சூடான கை.

"பெரியம்மா, நான்தான். வெளிச்சத்தையே பாத்துட்டு இருங்க. ஆரம்பிக்கலாமா?"

பேசக் கூடாது என்பதால் அவள் விரலை லேசாக உயர்த்திக் காட்டினாள். அவன் சிரிப்பது கேட்டது.

கண்ணுக்குள் வெள்ளை வெளிச்சம் பொங்கியது. அதன் ஓரங்களில் இளஞ்சிவப்பும் நீலமும் கரைந்து கரைந்து ஓடின. தண்ணீர் காதோரம் வழிந்தது. பக்கத்தில் புரையை உறிஞ்சும் மெஷின் இரைந்தது. கத்தி உள்ளே போயிருக்க வேண்டும். அவளுக்குத் தெரிந்தது யாரோ கதவை மெல்லத் தள்ளுகிற மாதிரி ஓர் அழுத்தம் மட்டுமே. வலி என்பது துளியும் இல்லை. இதற்காகவா இத்தனை வருஷம் பயந்தோம் என்று தோன்றியது. எட்மண்ட் வேலையினூடே ஒரு கீர்த்தனையை மூக்குக்குள் முனகிக்கொண்டிருந்தான். ராகம் தப்புகிற அதே இடத்தில் சின்ன வயதில் போலவே தப்பினான். அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

முனகல் நின்றது.

நாற்காலிச் சக்கரம் உருண்டது. நெற்றியில் இருந்த கை எழுந்து போயிற்று. இன்னொரு சக்கரம் உருண்டு வந்தது. மறுபடி நெற்றியில் கை படிந்தது. இந்தக் கை சின்னது. கனமே இல்லை. விரல் எலும்புகள் துணிக்கு மேலாகவே உறுத்தின. அது நடுங்கியது.

ஞானசுந்தரி தன்னிடம் கேக் கற்க வந்த பெண்கள் பலரைப் பார்த்திருக்கிறாள். க்ரீம் பையை முதல் தடவை பிடிக்கிறவர்களின் கை இப்படித்தான் இருக்கும். நடுக்கத்தை மறைக்க அழுத்துவார்கள், அழுத்தினால் இன்னும் நடுங்கும்.

"ம்... உள்ள போ. மெதுவா" என்றது எட்மண்டின் குரல். தலைமாட்டிலிருந்து வரவில்லை. வலது பக்கமிருந்து, அடங்கிய தொனியில் வந்தது. "பெடல விடு. விடு. இப்பத் திருப்பு. ம், அப்படித்தான்."

அவன் மெஷினிடம் பேசவில்லை. தனக்குத்தானே பேசிக்கொள்ளவும் இல்லை. யாருக்கோ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான்.

அது புரிந்ததும் நிறுத்து என்று கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் கண்ணுக்குள் கருவி இருக்கிறது. வாயைத் திறந்தால் தாடை அசையும், தாடை அசைந்தால் தலை அசையும். அவளால் செய்ய முடிந்தது ஒன்றுதான். போர்வைக்கு மேலே விரல்களை உயர்த்தினாள். ஒரு விரல் இல்லை, ஐந்தையும்.

சுமலதா உடனே கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னங்கம்மா, இருமலுங்களா?"

"ஒண்ணுமில்ல பெரியம்மா" என்றான் எட்மண்ட், வலது பக்கமிருந்து, சத்தமாக, கனிவாக. "ரொம்ப நல்லாப் போயிட்டு இருக்குது. பாதிக்கு மேல எடுத்துட்டேன். அசையாம இருங்க."

எடுத்துட்டேன் என்றான். நெற்றியில் இருந்த சின்னக் கை அப்போதும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

அவள் விரல்களை மடக்கிக்கொண்டாள். ஆண்டவரே, இந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்ளும் என்று ஜெபித்தாள். தன் கண்ணை அறுத்துக்கொண்டிருப்பது யார் என்று தெரியாமலே அந்த ஆளுக்காக ஜெபித்தாள்.

மெஷினின் ஓசை ஏறிக்கொண்டே போய், திடீரென்று அறுந்தது.

"சார்..." ஒரு பெண் குரல். காற்று மட்டும்தான் வந்தது.

"என்ன?"

"பை... கிழிஞ்சிருச்சு சார்."

"எதையும் வெளிய எடுக்காதே, ஜெனிஸ். அப்படியே நில்லு. கைய அசைக்காதே."

சக்கரங்கள் உருண்டன. கனமான கை திரும்பி வந்தது. அதற்குப் பிறகு யாரும் முனகவில்லை. இது தா, அது தா என்ற குரல் மட்டும். வெளிச்சத்துக்குள் ஏதேதோ கறுப்பு நூல்கள் மிதந்தன. நேரமாக ஆக, கண்ணுக்குப் பின்னால் ஒரு வலி மெல்லத் தலையெடுத்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

"வலிக்குதுங்களா பெரியம்மா? கொஞ்சம் மருந்து விடறேன்." வலி கரைந்து போயிற்று. அவன் கையால் வந்த அந்த ஆறுதல் அவளுக்கு அப்போது வேண்டியிருக்கவில்லை.

வெளியே வந்ததும் எட்மண்ட் எல்சாவிடம் பேசினான். கட்டுப்போட்ட கண்ணோடு சக்கர நாற்காலியில் உட்கார்ந்து ஞானசுந்தரி கேட்டுக்கொண்டிருந்தாள். "புரை பாறை மாதிரி இறுகிக் கெடந்துச்சு எல்சா. ரொம்ப வருஷம் விட்டுட்டாங்கல்ல? பையும் வீக்கா இருந்துச்சு, லேசாக் கிழிஞ்சிருச்சு. ஆனா லென்ஸ வேற மாதிரி உக்கார வெச்சிட்டேன். கொஞ்ச நாள் ஆகும், பார்வை வந்துரும்."

"நீ இருந்ததால ஆச்சுடா" என்றாள் எல்சா. "வேற யாராவதா இருந்தா என்ன ஆயிருக்குமோ."

இப்போதாவது எட்மண்ட் உண்மையைச் சொல்லிவிடுவான் என்று ஞானசுந்தரி காத்திருந்தாள். அவன் சொட்டு மருந்துகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான்.

வீட்டுக்கு வந்த பிறகும் அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மகள் பேச்சைத் தட்டிவிட்டு அவனிடம் போனது அவள்தான். இப்போது எந்த முகத்தோடு எல்சாவிடம் சொல்வது? கட்டு அவிழ்த்த பிறகு உலகம் வெளிச்சமாக இருந்தது, உண்மை. சுவரின் நீலம் பளிச்சென்று தெரிந்தது. ஆனால் எதை நேராகப் பார்த்தாலும் அதன் நடுப்பகுதி மட்டும் கொதிக்கிற தண்ணீருக்கு அந்தப்பக்கம் இருப்பதுபோல் நெளிந்தது. ஜன்னல் கம்பிகள் வளைந்திருந்தன. எல்சாவின் கம்மல் தெரிந்தது, தலைமுடி தெரிந்தது. கண்ணும் மூக்கும் ஒரு கலங்கலுக்குள் கிடந்தன.

அந்த வாரம் ஹன்னா வந்தாள். மஞ்சூர் பஸ்ஸில் இறங்கி, கையில் ஒரு பை நிறையப் பேரிக்காயோடு.

"எப்படிக்கா இருக்குது கண்ணு? வலி ஏதாச்சும் தெரிஞ்சுதுங்களா அப்ப?"

"வலி இல்ல ஹன்னா."

"சத்தம் கித்தம் ஏதாச்சும் கேட்டுதுங்களா? சிலருக்கு அங்க ஒண்ணுமே நெனப்பு இருக்காதாமே."

ஞானசுந்தரி பேரிக்காயை நறுக்கிக்கொண்டிருந்தாள். விரலால் தடவிப் பார்த்துத்தான் நறுக்க வேண்டியிருந்தது. "மெஷின் சத்தம் கேட்டுது. வேறென்ன கேக்கும்?"

ஹன்னா மூச்சு விட்டாள். அந்த மூச்சு கொஞ்சம் நீளமாக இருந்தது. "அதான் பாருங்க. எட்மண்டுக்கு மனசே சரியில்லைங்க்கா. அந்தப் பொண்ணு ஜெனிஸும் பாவம், சாப்பிடாம அழுதுட்டே கெடக்குதாம். இவன்தான் தேத்திட்டு இருக்கான்."

கத்தி நின்றது.

"ஜெனிஸ் யாரு ஹன்னா?"

ஹன்னாவுக்கு அப்போதுதான் உறைத்தது. "ஆஸ்பத்திரில... ட்ரெய்னிங்ல இருக்கற பொண்ணுங்க்கா. கூட நின்னுச்சாமே."

"கூட நின்ன புள்ள எதுக்கு அழுவுது?"

ஹன்னா பேரிக்காய்த் தோலை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டில் போட்டாள். நாற்பது வருஷமாக ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துப் பாடியவள். அவள் கண்ணைப் பார்க்க வரவில்லை. கண்ணுக்குள் நடந்தது காதுக்குத் தெரியுமா என்று பார்க்க வந்திருக்கிறாள். மகன் அனுப்பினானோ, அவளாகவே வந்தாளோ. இரண்டில் எது மேல் என்று ஞானசுந்தரிக்குத் தெரியவில்லை.

"உனக்குத் தெரியும்" என்றாள்.

"அக்கா, வளர்ற புள்ளைக்கா. இந்த ஒரு விஷயத்துல அவன் பேரு கெட்டுச்சுன்னா..."

"பஸ்ஸுக்கு நேரமாச்சு, கெளம்பு ஹன்னா."

மறு பரிசோதனைக்குப் போன அன்று எல்சாவுக்கு வகுப்பு இருந்தது. ஞானசுந்தரி பக்கத்து வீட்டுத் தங்கவேலுவின் ஆட்டோவில் தனியாகத்தான் போனாள். எட்மண்ட் கண்ணின் அழுத்தம் பார்ப்பதற்காகச் சொட்டு மருந்து பாட்டிலை எடுத்தான்.

"மொதல்ல பேசிடறேன், அப்புறம் மருந்து விடு" என்றாள். "கதவச் சாத்து."

அவன் சாத்தினான்.

"என் நெத்தியில ரெண்டு பேரு கை பட்டுச்சு எட்மண்டு. ஒண்ணு உன்னுது. இன்னொண்ணு யாருதுன்னு நீயே சொல்லு."

அவன் பாட்டிலை மூடினான். திறந்தான். மறுபடி மூடினான். "பெரியம்மா, இது ட்ரெய்னிங் ஆஸ்பத்திரி. எல்லாரும் இப்படித்தான் கத்துக்கறாங்க. நானும் யாரோ ஒருத்தர் கண்ணுலதான் கத்துக்கிட்டேன்."

"கத்துக்கட்டும். வேணாங்கல. என்னை ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க."

"ஆமா. வேண்டாம்னு சொல்றதுக்குத்தான்டா கேக்கணும்."

வெளியே யாரோ நோயாளிகளைப் பேர் சொல்லி அழைத்தார்கள். எட்மண்ட் தலை குனிந்துகொண்டான்.

"ஏன் நான்? அன்னிக்கு எத்தன பேரு வரிசையில உக்காந்திருந்தாங்க. ரெண்டு கண்ணு இருக்கறவங்க."

அவன் சொன்னதில் பொய் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அதனால்தான் அது அவ்வளவு ஆழமாக இறங்கியது.

"சொட்டு மருந்துல மட்டும் பண்ணணும்னா பேஷண்ட் அசையாமப் படுக்கணும் பெரியம்மா. புதுசா பண்றவங்களுக்கு அதுதான் பயம். நீங்க என்னை நம்பி அசையாமப் படுத்திருப்பீங்கன்னு தெரியும். பாதி வரைக்கும் ரொம்ப ஈஸியாப் போச்சு. கொஞ்ச நேரம் அவ பண்ணட்டும்னு... அவ்வளவுதான் நெனச்சேன். எதாவது தெரிஞ்சாலும் நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்கன்னு..."

அவன் பாட்டிலை மேஜையில் வைத்தான்.

ஞானசுந்தரி எழுந்தாள். "ஒண்ணே ஒண்ணு செய். எல்சாகிட்ட நீயே சொல்லு. என் வாயால சொல்ல வெக்காத. உன் கூடப் பொறந்தவ மாதிரி இருந்தவ."

"சொல்றேன் பெரியம்மா. சத்தியமா இந்த வாரமே சொல்றேன்."

அவள் காத்திருந்தாள். எல்சா சனிக்கிழமை வந்தாள். எதுவும் கேட்கவில்லை. வழக்கத்தை விட மென்மையாக இருந்தாள். சாப்பாட்டைப் பிசைந்து தட்டில் வைத்தாள், வெந்நீர் போட்டுக் கொடுத்தாள், நெளிவு குறையவில்லை என்று அம்மா சொன்னபோது மட்டும் சட்டென்று பேச்சை மாற்றினாள். "கோயமுத்தூர்ல ஒரு தடவ காட்டிட்டு வந்துரலாம்மா. இந்த வாட்டி வேணாம்னு சொல்லாதீங்க."

ஞானசுந்தரி சரி என்றாள்.

கார் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிக்கொண்டிருந்தது. எல்சா ஓட்டினாள். பர்லியாரை நெருங்கும்போது, பலாப்பழ வாசனை கண்ணாடி வழியாக வந்தது. ஞானசுந்தரியால் அதற்கு மேல் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"எட்மண்டு உன்கிட்டப் பேசினானா?"

எல்சா ரோட்டிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. "பேசினான்மா. விடுங்க. அதப் பத்திப் பேச வேணாம்."

"என்ன சொன்னான்?"

"விடுங்கம்மா. உங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. யாருக்கு வேணாலும் நடக்கும்."

"என் மேல கோவமா? எதுக்குடி?"

எல்சா பழக்கடைகளுக்கு முன்னால் காரை ஓரங்கட்டினாள். எஞ்சினை நிறுத்தினாள். "நீங்க பயத்துல தலையத் திருப்பிட்டீங்களாம். அதுலதான் அந்தப் பை கிழிஞ்சிருச்சாம். 'அவங்களுக்குத் தெரிஞ்சா உடைஞ்சு போயிருவாங்க, அதனாலதான் அன்னிக்குப் பாறை மாதிரி புரைன்னு சொன்னேன், நீயும் காட்டிக்காதே'ன்னான். போன வாரம்தான் ஃபோன் பண்ணினான்."

போன வாரம். சத்தியமா என்று அவன் சொன்ன அதே வாரம்.

ஞானசுந்தரியின் கைகள் மடியில் கிடந்தன. பாறை போலக் கிடந்தேனே என்று நினைத்தாள். மூச்சைக்கூட எண்ணி விட்டுக்கொண்டு, தும்மலை விழுங்கி, கத்த வந்ததைப் பல்லுக்குள் வைத்துக்கொண்டு கிடந்தேனே. தன் கண்ணைக் காப்பாற்றிக்கொள்ள அவள் செய்தது அது ஒன்றுதான். அதையும் எடுத்துக்கொண்டு, நீதான் கெடுத்துக்கொண்டாய் என்று திருப்பிக் கொடுத்திருக்கிறான்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கையின் கனம் மாறியது, குரல் வலது பக்கம் போனது, விரல்களைத் தூக்கியது, ஹன்னா பேரிக்காயோடு வந்தது, கதவைச் சாத்திவிட்டுப் பேசியது. சொல்லச் சொல்ல எல்சாவின் முகத்தைப் பார்க்க முயன்றாள். அது கலங்கலுக்குள்தான் இருந்தது. ஆனால் ஸ்டியரிங்கின் மேல் தலை கவிழ்வது தெரிந்தது.

"ஏம்மா அன்னிக்கே என்கிட்டச் சொல்லல?"

"உன் பேச்சக் கேக்காமத்தானே அவன்கிட்டப் போனேன்."

"அதுக்காக?" எல்சா நிமிர்ந்தாள். அழுகை கோபமாகியிருந்தது. "நான் என்னம்மா, சொல்லிக் காட்டுவேனா? இத்தன நாளா நீங்க தலைய அசைச்சுட்டீங்கன்னு நெனச்சு, உங்களுக்குத் தெரியாம நான் அழுதுட்டு இருந்தேன். உங்களப் போய் நான் மன்னிச்சுட்டு இருந்தேன்மா!"

ஞானசுந்தரி கை நீட்டினாள். மகளின் தோள் எங்கே என்று கொஞ்சம் தேட வேண்டியிருந்தது.

கோயமுத்தூர் டாக்டர், விழித்திரையின் நடுப்புள்ளியில் நீர் கோத்திருப்பதாகச் சொன்னார். பை கிழிந்தவர்களுக்குச் சில சமயம் இப்படி ஆகும், மருந்தில் குறையும், முழுக்கச் சரியாகும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். சில மாதங்களில் கொஞ்சம் குறைந்தது. ஜன்னல் கம்பிகள் ஏறக்குறைய நேராயின. தெருவில் தனியாக நடக்க முடிந்தது, அரிசியில் கல் பொறுக்க முடிந்தது. முகங்களின் நடுவில் ஒரு மங்கல் மட்டும் போகவே இல்லை. ஐசிங் ரோஜாவின் இதழ் விளிம்பு அந்த மங்கலுக்குள்தான் விழுந்தது. க்ரீம் பைகளைக் கழுவிக் காயவைத்து, கேக் கற்றுக்கொண்ட ஒரு பெண்ணுக்குக் கொடுத்தனுப்பினாள்.

எல்சா சும்மா விடவில்லை. ஆஸ்பத்திரி நிர்வாகத்திடம் புகார் கொடுத்தாள். ஞானசுந்தரி முதலில் தயங்கினாள். பிறகு, "நான் தலைய அசைக்கல. அதை மட்டும் அவங்க எல்லாருக்கும் முன்னாடி சொல்லணும்" என்று கூடவே போனாள்.

விசாரணை அறையில் எட்மண்ட் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சுமலதாவைக் கேட்டார்கள். "விரலத்தானுங்க தூக்குனாங்க. தலைய ஒரு நூல்கூட அசைக்கலைங்க. அப்படி ஒரு பேஷண்ட நான் பாத்ததே இல்லைங்க" என்றாள். ஜெனிஸ் வந்தாள். ஞானசுந்தரி அப்போதுதான் அவளைப் பார்க்கிறாள். ஒல்லியான, தோள் குறுகிய பெண். "நான்தான் பண்ணினேன். அவங்களுக்கு ஒரு கண்ணுதான்னு சார் என்கிட்டச் சொல்லல. தெரிஞ்சிருந்தா தொட்டிருக்க மாட்டேன்" என்று அழுதாள். ஞானசுந்தரிக்கு அவள் மேல் கோபமே வரவில்லை. அவளையும் அல்லவா ஏமாற்றியிருக்கிறான்.

எட்மண்டிடமிருந்து பயிற்சிப் பொறுப்பை எடுத்துவிட்டார்கள். நிர்வாகம் வருத்தம் தெரிவித்தது. அவன் அதே ஆஸ்பத்திரியில் தொடர்ந்தான். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. ஹன்னா வீட்டுக்கு வருவது நின்றுபோயிற்று. பாடகர் குழுவில் வேறு வரிசைக்கு மாறிக்கொண்டாள்.

அறுப்பின் பண்டிகை ஞாயிறன்று சபை முடிந்து எல்லோரும் வெளியே வந்தார்கள். விளைச்சல் காணிக்கையாக வந்த கேரட்டையும் முட்டைக்கோசையும் ஏலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். எல்சா கையைப் பிடித்து அம்மாவைப் படியிறக்கிக்கொண்டிருந்தபோது, கூட்டத்திலிருந்து ஒருவன் விலகி வந்து எதிரே நின்றான். நடையிலேயே யாரென்று ஞானசுந்தரிக்குத் தெரிந்துவிட்டது. எல்சாவின் பிடி இறுகியது.

"பெரியம்மா" என்றான் எட்மண்ட். "கண்ணு எப்படி இருக்குது?"

"பரவால்லைங்க டாக்டர்" என்றாள் ஞானசுந்தரி. "கோயமுத்தூர்ல பாத்துக்கறாங்க. நீங்க அம்மாவைக் கூட்டிட்டுக் கெளம்புங்க, மழை வர்ற மாதிரி இருக்குதுங்க."

அவன் நகரவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தது போல இருந்தது. அவன் முகத்தில் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. நடுவில் அந்த மங்கல். தெரிந்துகொள்ள அவள் தலையைச் சாய்த்துப் பார்க்கவும் இல்லை. எல்சா குடையை விரித்தாள். இருவரும் அவனைச் சுற்றிக்கொண்டு கீழே நடந்தார்கள்.